கேட்பதற்கு முன்பே கொடுத்த வாக்கு

அத்தியாயம் பதினான்கு

கூடைப்பந்து இறுதித் தொடரின் நாலாவது ஆட்டம் கைநழுவிப் போன நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோல்விக்கு யார் காரணம் என்று ஜோர்டானின் அம்மான் நகரத்தில் எந்த டாக்ஸிக்காரரைக் கேட்டாலும், தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் மீட்டரைப் போடுவார். கடைசிக் கால்பகுதி முழுக்கக் கேப்டன் சனத் தன் சொந்தத் தம்பி லைத் கண்ணில் பந்தையே காட்டவில்லை என்று ஒரு கட்சி. லைத் கைக்குப் போன பந்து திரும்பி வருவதே கிடையாதே, சனத் வேறென்னதான் செய்வான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிடமும் ஆதாரம் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் லைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு யாருக்கும் கை கொடுக்காமல் வெளியேறினான். வாசலில் கேமராக்கள் நின்றன. "சில பேருக்கு எப்ப எடத்தக் காலி பண்ணணும்னு தெரியறதில்ல," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வராமல் விமான நிலையச் சாலையில் ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்துகொண்டான். யாரைச் சொன்னான் என்று எவரும் அவனைக் கேட்கவில்லை.

இரண்டு அணிக்கும் ஆளுக்கு இரண்டு வெற்றி. கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஐந்தாவது ஆட்டம் நாளை மாலை. இன்று வெள்ளிக்கிழமை.

காலைப் பயிற்சிக்கும் லைத் வரவில்லை.

திலால் கிளப்பின் உடைமாற்றும் அறையில் அவன் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. சின்னப் பையன்கள் எல்லாம் அந்தக் காலி நாற்காலியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆட்கள் சனத் பக்கம். நடுவில் ஷூக்களும் பைகளும் கிடந்தன. ஒரே சட்டை போட்டு ஒரே பக்கம் ஆடப்போகிறவர்கள் மாதிரியே இல்லை. சனத் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, நேரமாச்சு, எழுந்திருங்க என்றான். பழையவர்கள் எழுந்தார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்து எழுந்தார்கள். அந்தக் கொஞ்சம் தாமதம் சனத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

அவனுக்கு வயது முப்பத்து நாலு. முழங்காலில் ஒரு அறுவை ஆகிவிட்டது. கேப்டனாக மூன்று தடவை இறுதி வரைக்கும் வந்து மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியவன். நாளைக்கு விட்டால் இனி ஒரு இறுதி ஆட்டம் அவனுக்குக் கிடைக்காது. இது அவனுக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும்.

பயிற்சி முடிந்ததும் செர்பியக்காரக் கோச் அவனை ஓரமாக அழைத்துப் போனார். உன் கீழ் நாளை ஆடமாட்டேன் என்று லைத் கிளப் தலைவரிடம் சொல்லிவிட்டானாம். தலைவர் இமாத் அதற்கு ஏதோ வழி செய்வதாகச் சொன்னாராம். என்ன வழி என்று தனக்குச் சொல்லவில்லை என்றும், நாட்டுக்கு நாடு கிளப் தலைவர்களைப் பார்த்துவிட்டதால் தானும் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார் கோச்.

சனத் சிரித்து மழுப்பினான். சின்ன வயதில் மிட்டாய்க்குக் கோபித்துக்கொண்டு மொட்டை மாடியில் ஒளிந்துகொள்வான், பசித்தால் தானே இறங்கி வருவான் என்றான். கோச் சிரிக்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பாவின் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு நிமிர்வு. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கிளப்பிலிருந்து ஜாஹா வருகிறதாம். பெரிய மனிதர்கள் பத்துப் பேராகக் கூடி ஒரு வீட்டுப் படியேறி வேண்டுகோள் வைப்பதற்கு அந்தப் பெயர். பெண் கேட்கவும் வருவார்கள், கொலைப்பழியைத் தீர்க்கவும் வருவார்கள். கூடைப்பந்துக்காக ஒரு ஜாஹா புறப்பட்டது என்று கேள்விப்படுவது அம்மானில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"தலைமை தாங்கி வர்றது யாருன்னு கேளு," என்றார் அப்பா. "நௌஃபான் பாஷா."

சனத்துக்கு விஷயம் புரிந்தது. நௌஃபான் பாஷா ஓய்வு பெற்ற ஜெனரல். அவருடைய ஜீப்பைப் பல வருடம் ஓட்டியவர் அப்பா. கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்த மனிதரின் வீட்டுக்கு இன்று ஜெனரலே படியேறி வருகிறார்.

*

அம்மானின் தபர்பூர் பகுதியில் இரண்டாவது மாடி வீடு. மூத்த மகன் பெயரால் ஊரே அபூ சனத் என்று அழைக்கும் அந்த மனிதர், காலையிலேயே முடிவெட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். விருந்தினர் அறைத் திரைச்சீலையை மனைவி இரண்டு தடவை துவைக்க வேண்டியிருந்தது. குனாஃபா தட்டுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. நல்ல செய்தி முடிவானால் இனிப்பு வேண்டுமே.

நல்ல செய்தி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. லைத்தின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வளைகுடாவிலிருந்து ஆட்கள் மொய்க்கிறார்கள். பையன் கைவிட்டுப் போகக் கூடாது என்று கேட்கத்தான் கிளப் வருகிறது. பாஷாவே வந்து கேட்கும்போது, என் மகன் உங்கள் மகன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டு மகன்களும் ஒரே சட்டையில் ஒரே ஊரில் இருப்பார்கள். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

மகள் நுஹாவுக்குத்தான் சந்தேகம். நுஹா வக்கீல். அண்ணன், தம்பி இரண்டு பேரின் ஒப்பந்தத்தையும் எழுதியவள் அவள்தான். சனத்துக்குக் காலில் கத்தி வைத்த வருஷம், கிளப் அவனை ஓரங்கட்டிவிடும் என்று பயந்து, சண்டை போட்டு ஒரு ஷரத்தைச் சேர்த்திருந்தாள். உடம்பு தகுதியாக இருக்கும்வரை சனத்தான் கேப்டன், அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அவனை அணியிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது.

காலையில் கிளப் வக்கீல் போன் பண்ணி, அந்த ஷரத்து இப்போதும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். லைத்துக்காக ஜாஹா வருகிற நாளில் சனத்தின் ஷரத்தை ஏன் தேட வேண்டும்?

சமையலறை வாசலில் அப்பாவை மடக்கினாள். இவர்கள் வேறு எதற்காகவோ வருகிறார்கள் போலத் தோன்றுகிறது, கேட்பதை முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள் என்று கெஞ்சினாள்.

அபூ சனத்துக்கு முகம் சிவந்தது. "வீட்டுக்கு வர்றவங்கள எப்படி நடத்தணும்னு எனக்கு நீ பாடம் எடுக்கப் போறியா? பாஷா என் வீட்ல வந்து கையேந்தி நிக்கணும், நான் ஷரத்து பாத்துட்டு இருக்கணுமா?"

"நிக்க வேணாம்ப்பா. உக்காந்து சொல்லட்டும். நீங்க கேளுங்க, அவ்ளோதான்."

அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி முன்னால் போய்விட்டார்.

*

வந்தவர்கள் பத்துக்கும் மேல். தெருவில் கார் நிறுத்த இடமில்லாமல் பக்கத்துத் தெரு வரைக்கும் நின்றன. நௌஃபான் பாஷா அறையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் கிளப் தலைவர் இமாத், கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு. பெண்கள் அந்த அறைக்குள் வரும் வழக்கமில்லை. நுஹாவும் அம்மாவும் நடையில், சாத்திய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

காப்பி ஊற்ற வேண்டியது வீட்டு மூத்த மகன். இடது கையில் மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா, வலது கையில் பிடியில்லாத சின்னக் கோப்பைகள். சனத் முதல் கோப்பையை ஊற்றிப் பாஷாவிடம் நீட்டினான். பாஷா வாங்கினார். குடிக்கவில்லை. எதிரே இருந்த சின்ன மேஜைமேல் வைத்தார்.

வந்த காரியம் பலிக்காமல் கோப்பையில் வாய் வைப்பதில்லை என்பது முறை. அது ஆறிப்போய் அப்படியே இருந்தால் வீட்டுக்காரனுக்குத்தான் தலைகுனிவு.

சனத்தின் சட்டைப்பையில் போன் துடித்தது. நடையிலிருந்து நுஹா. அவனுடைய இரண்டு கையும் நிறைந்திருந்தன. திரும்பத் துடித்தது.

பாஷா தொண்டையைச் செருமினார். கடவுளின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். இந்த வீட்டு உப்பையும் இந்த வீட்டு மனிதரின் நேர்மையையும் தனக்குப் பல வருடமாகத் தெரியும் என்றார். பாலைவனத்தில் ஒருமுறை ஜீப் கவிழ்ந்தபோது தன்னைத் தோளில் சுமந்து வந்தவர் இந்த அபூ சனத் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அபூ சனத்தின் கண் கலங்கியது. இந்தக் கதையைப் பாஷா மறந்திருப்பார் என்று அவர் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

"இன்னிக்கு உன் வாசலுக்கு ஒரு வேண்டுகோளோட வந்திருக்கேன்..." என்று ஆரம்பித்தார் பாஷா.

அபூ சனத் எழுந்து நின்றுவிட்டார். "காப்பியக் குடிங்க பாஷா. எதுக்காக வந்தீங்களோ அது உங்களுக்குக் கிடைச்சாச்சு."

கதவுக்கு அந்தப் பக்கம் நுஹா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பாஷா நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அவர் கை கோப்பையை நோக்கிப் போகவில்லை. இமாத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவசரப்படாத அபூ சனத். மொதல்ல என்னன்னு கேளு," என்றார்.

அங்கேயாவது அபூ சனத் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருமை தலைக்கு ஏறிய மனிதனுக்கு எச்சரிக்கைகூட உபசாரமாகத்தான் காதில் விழும். "நீங்க கேட்டு நான் யோசிக்கிறதா? என் பிள்ளைங்க உங்க பிள்ளைங்க. நீங்க குடிக்கிறத நான் பாக்கணும்," என்றார்.

இதற்குமேல் மறுத்தால் அவமதிப்பு. பாஷா கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். சுற்றி இருந்தவர்களும் வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். பிறகு பாஷா, அபூ சனத்தின் முகத்தைப் பார்க்காமல், வந்த காரியத்தைச் சொன்னார். லைத்துக்கு நாளைக்கு ஆடவும், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கிளப்பில் இருக்கவும் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. சனத் இன்றே அணியிலிருந்து விலக வேண்டும். நாளைக்குக் கேப்டனாக லைத் இறங்க வேண்டும்.

அறையில் யாரோ இருமினார்கள்.

அபூ சனத் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்கார வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. பல வருடம் ராணுவத்தில் இருந்தவர், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்று அவருக்குப் பழக்கமே இல்லை. அவர் கண் மூத்த மகனைத் தேடியது, ஆனால் அவன் முகம் வரைக்கும் போகாமல், கூஜாவைப் பிடித்திருந்த அவன் கையிலேயே நின்றுவிட்டது.

இமாத் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். தட்டச்சு செய்து, முத்திரை எல்லாம் குத்தி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அவசரம் எதுவும் இல்லை, நாளைக் காலையில் கூடக் கொடுக்கலாம் என்றார். முத்திரை குத்திக்கொண்டு வந்தவர் பேசுகிற பேச்சு அது.

சனத் கூஜாவைப் பக்கத்தில் நின்ற சித்தப்பா மகனிடம் கொடுத்தான். இமாத்தின் பேனாவையே வாங்கினான். குனிந்து கையெழுத்துப் போட்டான். காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. யாரோ போனில் படம் எடுத்தார்கள். அவன் நிமிர்ந்து, பாஷாவுக்கு இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான்.

பாஷா வேண்டாம் என்று கோப்பையை ஆட்டிக் காட்டினார். அவர்கள் குனாஃபாவுக்கு நிற்காமல் கிளம்பினார்கள்.

*

"காகிதத்தால முடியாதத காப்பியால முடிச்சிட்டுப் போயிட்டாங்க," என்றாள் நுஹா.

சனத் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் பையை வைத்திருந்தான். நாளைக்கு ஆட்டமில்லாதவனுக்கு ஐஸ் எதற்கு? பழக்க தோஷம். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள். கொதிக்காத பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஒரு ராத்திரி அவகாசம் கேட்டிருக்கலாமே, நாளைக் காலை என்று அந்த ஆளே சொன்னாரே என்று நுஹா விடாமல் கேட்டாள். அப்பா கொடுத்த வாக்கை ஒரு ராத்திரி தொங்கவிட்டால், நாளைக்கு அவர் பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோடு போவார் என்றான் சனத்.

"பொய் சொல்லாத. அப்பாவுக்காகப் போடல நீ. படிக்காமப் போட்ட பாரு, அது லைத்துக்காக. இத்தன பேர் முன்னாடி சிரிச்ச முகமா விட்டுக்குடுத்தா, அவன் காலத்துக்கும் கூனிக்குறுகி நிக்கணும்னு கணக்கு."

சனத் ஐஸ் பையை இன்னொரு முழங்காலுக்கு மாற்றினான். அந்தக் காலில் வலியே கிடையாது.

"நாலாவது ஆட்டத்துலயும் இதேதான் பண்ண," என்றாள் அவள். "பந்து குடுக்காம இருந்து அவனுக்குப் பாடம் சொன்ன. தோத்தது யாரு?"

"நுஹா, போதும்," என்றாள் அம்மா, திரும்பாமல்.

அதற்குள் போன்கள் ஆரம்பித்துவிட்டன. கிளப் தன் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டுவிட்டது. குனிந்து கையெழுத்துப் போடும் சனத், பின்னால் பாஷா. மேலே, நன்றி கேப்டன். ஆயிரக்கணக்கில் இதயங்கள் பறந்தன. பள்ளியில் கூடப் படித்தவன், முழங்கால் டாக்டர், எதிரணிக் கேப்டன் என்று எல்லாரும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிரணிக் கேப்டன்தான் நிஜமாக வருத்தப்பட்டு எழுதியிருந்தான். சனத் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

விருந்தினர் அறையில் அப்பா இன்னும் அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவில்தான் இருந்தார். யாரும் உள்ளே போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

*

அந்தி மஃரிப் பாங்கு முடிந்த கையோடு கீழே லைத்தின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஜெயித்தவன் வருகிற வருகையாக இல்லை. படியில் மெதுவாக ஏறினான். இருபத்தைந்து வயது, கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். முகம் வெளிறிக் கிடந்தது. சமையலறையில் இருந்த யாரையும் பார்க்காமல் நேராக விருந்தினர் அறை வாசலில் போய் நின்றான். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

"வாங்க கேப்டன்," என்றார் அப்பா. குரலில் கேலி இல்லை, அதனால்தான் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

"நீங்க எப்படிப்பா சரின்னு சொன்னீங்க?"

"நீதானே கேட்ட?"

"கேட்டேன். நீங்க மாட்டேன்னு சொல்வீங்கன்னு கேட்டேன்." லைத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "எந்த அப்பா இதுக்குச் சரின்னு சொல்வாரு? காப்பி ஆறிப்போகும், எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன்."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நாலாவது ஆட்டத்துக்கு மறுநாளே குவைத் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டான். நல்ல இடம், பெரிய பேர். அவர்கள் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார்கள். காலோ கையோ உடைந்தால் ஒப்பந்தம் செல்லாது, ஆகவே இறுதி ஆட்டத்தில் இறங்கக் கூடாது. கிளப்பிடம் நேராகச் சொன்னால் ஊரே துரோகி என்று துப்பும். அதனால் நடக்கவே நடக்காத ஒரு நிபந்தனையை வைத்தான். அப்பா மறுப்பார், கிளப் கையை விரிக்கும், தன் மேல் பழி இல்லாமல் விமானம் ஏறிவிடலாம். இமாத் போன் பண்ணி மப்ரூக் கேப்டன் என்று வாழ்த்தியபோது, ஹோட்டல் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தானாம்.

நுஹா அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உன் ஒப்பந்தத்தை எழுதுகிறவள் நான், எனக்குச் சொல்லாமல் எவனிடம் எழுதினாய் என்று கேட்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். இப்போது கேட்க வேண்டியது அது இல்லை.

"அப்ப நாளைக்கு நீ ஆடமாட்ட," என்றான் சனத்.

லைத் தலைகுனிந்தான்.

"நானும் ஆட முடியாது."

"உன்னை யாரு கையெழுத்துப் போடச் சொன்னது?" லைத்தின் குரல் உடைந்தது. "ஒரு தடவையாவது சண்ட போட்டியா நீ? எப்பவும் நல்லவன் நீதான். நான் எத்தன பாயிண்ட் போட்டாலும் சனத் தம்பி. எங்க போனாலும் சனத் தம்பி. குவைத்ல ஒருத்தனுக்கும் உன்னைத் தெரியாது, அதுக்காகத்தான் போறேன்."

சனத்துக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நாலாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், ஆளில்லாத மூலையில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பந்து கேட்ட தம்பி நினைவுக்கு வந்தான். பார்த்தும் பார்க்காததுபோல எதிர்ப்பக்கம் எறிந்தவன் தான்தான்.

அம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், யாரை முதலில் அடிப்பது என்று தெரியாதவள் மாதிரி.

நாளை மாலை ஸ்போர்ட்ஸ் சிட்டி அரங்கம் நிரம்பி வழியும். கேப்டனும் இருக்க மாட்டான், நட்சத்திரமும் இருக்க மாட்டான். மிச்சம் இருக்கும் பையன்களை அனுப்பிவிட்டு, செர்பியக்காரக் கோச் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அபூ சனத் எழுந்தார். இத்தனை நேரம் உட்கார்ந்ததில் கால் மரத்திருக்க வேண்டும், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பாஷா வீட்டுக்குப் போறேன்," என்றார். "இங்கயே தங்கப் போற பிள்ளைக்காகக் குடுத்த வாக்கு அது. அப்படி ஒரு பிள்ளை இல்லைன்னு அவருக்குச் சொல்லணும். காகிதத்த நாளைக்குக் காலைல கூடைப்பந்துச் சங்கத்துல குடுத்துட்டாங்கன்னா முடிஞ்சது. அதுக்குள்ள திருப்பிக் குடுங்கன்னு கேக்கணும்."

அந்த மனிதர் வாக்கைத் திரும்பக் கேட்கப் போவதாகச் சொல்கிறார். அதுவும் பாஷாவிடம். இந்நேரம் அந்தக் காப்பிக் கதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். விடிவதற்குள் மீதிப் பேருக்கும் இந்தக் கதை தெரிந்துவிடும்.

"அப்பா, வேணாம்," என்றான் லைத். "உங்க பேர் என்ன ஆகும்?"

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சனத்தின் எதிரில் வந்து நின்றார். பிற்பகலில் கை வரைக்கும் வந்து நின்றுபோன பார்வை இப்போது முகத்துக்கு வந்தது.

"அப்ப உன்னைக் கேக்கல நான்," என்றார். "இப்பக் கேக்குறேன். நீ சொல்லுப்பா. போகவா, வேணாமா?"

சனத்தின் வாயில் பதில் தயாராக இருந்தது. பரவாயில்லப்பா, நீங்க போக வேணாம், எனக்கு ஒண்ணும் இல்லை. பிறந்ததிலிருந்து மூத்த பிள்ளை சொல்லிப் பழகிய பதில். நுஹா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆடணும்ப்பா," என்றான். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நாளைக்கு நான் ஆடணும்."

அபூ சனத் தலையசைத்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி பக்கம் போகவில்லை. வண்டி ஓட்டுகிறேன் என்று சனத் முன்னால் வந்தான், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நானும் வருகிறேன் என்ற லைத்தைத் தாண்டி நடந்தார்.

"குடுப்பாரான்னு தெரியாது," என்றார் வாசலில். "கேட்டுப் பாக்குறேன்."

பக்கத்தில் நிற்கப் பெரிய மனிதர்கள் யாரும் இல்லாமல், அவர் தனியாகப் படியிறங்கிப் போனார்.